காணாமல் போன நடு உறுப்பு

வணக்கம் ஐயா,

என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சென்ற வாரத் தேர்வில் ‘எக்ஸ் கூட்டல் 5’ என்பதன் வர்க்கத்தை ‘எக்ஸ் வர்க்கம் கூட்டல் 25’ என்று எழுதி மதிப்பெண் இழந்துவிட்டாள். இதுபோல இரண்டு உறுப்புகள் கொண்ட ஈருறுப்புக் கோவைகள் இரண்டைப் பெருக்குவதற்கு, ‘முதலோடு முதல், வெளியோடு வெளி, உள்ளோடு உள், கடைசியோடு கடைசி’ என்று டியூஷனில் மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறார்கள். கேட்டால் கடகடவென்று ஒப்பிக்கிறாள். ஆனால், ‘ஏன் நான்கு முறை பெருக்க வேண்டும்?’ என்று நேற்று என்னிடம் கேட்டாள். பி.காம். வரை படித்த எனக்கும் பதில் தெரியவில்லை. படிப்படியாக விளக்க முடியுமா?

— ஒரு தாய், திருச்சி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகள் கேட்டிருப்பது நல்ல கேள்வி. அந்தக் கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் ஒப்பிக்க வேண்டிய தேவையே அவளுக்கு இருக்காது. பாடநூலில் எக்ஸ் என்று இருப்பதை இங்கே எழுத வசதியாக ‘ப’ என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் இயற்கணிதத்தை மூடி வைத்துவிட்டு, 23 × 14 என்ற கணக்கை அவளைப் போடச் சொல்லுங்கள். 23ஐ 4ஆல் பெருக்கி 92 என்று எழுதுவாள். அதன் கீழே ஓர் இடம் தள்ளி 23 என்று எழுதுவாள். அது உண்மையில் 230. இரண்டையும் கூட்டினால் 322. இப்போது அந்த 92 எப்படி வந்தது என்று கேளுங்கள். இருபதை நான்கால் பெருக்கியதில் 80, மூன்றை நான்கால் பெருக்கியதில் 12. அதுபோல 230 என்பது 200உம் 30உம் சேர்ந்தது. ஆக, இரண்டு வரிகளுக்குள் நான்கு பெருக்கல்கள் ஒளிந்திருக்கின்றன: 200, 80, 30, 12. மூன்றாம் வகுப்பு, நான்காம் வகுப்பிலிருந்தே அவள் இதைத்தான் செய்துவருகிறாள்.

இனி (2ப + 3)(ப + 4) என்ற கணக்குக்கு வருவோம். இரண்டாவது அடைப்புக்குறியைப் பிரிக்காமல், கட்டிய மூட்டையாகவே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த மூட்டையை 2ப தடவையும், பிறகு 3 தடவையும் எடுக்க வேண்டும். அதை இப்படி எழுதலாம்:

2ப(ப + 4) + 3(ப + 4)

அடுத்து மூட்டையை அவிழ்க்கலாம்.

2ப² + 8ப + 3ப + 12

8ப, 3ப இரண்டும் ஒத்த உறுப்புகள். அவற்றைச் சேர்த்தால் விடை 2ப² + 11ப + 12. இதில் ப என்ற இடத்தில் 10 என்று போட்டுப் பாருங்கள்: 200 + 110 + 12 = 322. அதே 23 × 14!

மேலே எழுதிய முதல் வரி, அதாவது மூட்டையோடு இருக்கும் வரி, பெரும்பாலான நோட்டுகளில் இருப்பதில்லை. நேரம் மிச்சமாகும் என்று அதைத் தாண்டிச் செல்லப் பழக்குகிறார்கள். எனக்கு இதில் கடுமையான கருத்து உண்டு. முதல் இருபது கணக்குகளிலாவது அந்த வரியை எழுதாமல் விடக் கூடாது. பாடநூல் பங்கீட்டுப் பண்பு என்று சொல்வது அந்த வரியில்தான் கண்ணுக்குத் தெரிகிறது. ‘வெளியோடு வெளி, உள்ளோடு உள்’ என்ற வாய்ப்பாடு இரண்டுக்கு இரண்டு உறுப்புகள் இருக்கும்வரைதான் உதவும். நாளை (ப + 2)(ப² + 3ப + 4) என்று வந்தால் ஆறு பெருக்கல்கள்; எதை வெளி என்பது, எதை உள் என்பது? மூட்டையாக எடுக்கத் தெரிந்த பிள்ளை அங்கேயும் திகைக்காது.

இப்போது அவள் மதிப்பெண் இழந்த கணக்கு. ஒரு பக்கம் ப அடி உள்ள சதுர அறையை நினைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே 5 அடி, தெற்கே 5 அடி நீட்டிப் பெரிதாக்குகிறீர்கள். தரை முழுவதும் டைல்ஸ் பதிக்க வேண்டும். ஒரு தாளில் வரைந்தால் நான்கு துண்டுகள் தெரியும். பழைய அறை, ப². கிழக்கே ஒரு நீளத் துண்டு, 5ப. தெற்கே இன்னொரு நீளத் துண்டு, அதுவும் 5ப. தென்கிழக்கு மூலையில் ஒரு சின்னச் சதுரம், 25. உங்கள் மகள் எழுதிய ப² + 25 என்ற விடையில், பழைய அறையிலும் அந்த மூலையிலும் மட்டும் டைல்ஸ் இருக்கிறது. இரண்டு நீளத் துண்டுகளும் இன்னும் மண் தரைதான். அறை 10 அடி என்றால், மொத்தத் தரை 15 × 15 = 225 சதுர அடி. அவள் கணக்கில் 125 மட்டுமே வருகிறது. சரியான விடை ப² + 10ப + 25. விட்டுப்போன 100 சதுர அடிதான், இரண்டு 5ப சேர்ந்த அந்த நடு உறுப்பு, 10ப. இந்தப் படத்தை அவள் கையாலேயே வரையச் சொல்லுங்கள். நீங்கள் வரைந்து காட்ட வேண்டாம்.

இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பெருக்குவது நம் நாட்டில் பழைய வழக்கம். 1150ஆம் ஆண்டில் பாஸ்கராச்சாரியார் இயற்றிய லீலாவதி என்ற கணித நூலில் 135ஐ 12ஆல் பெருக்கச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. 12ஐ 8, 4 என்று பிரித்துத் தனித்தனியே பெருக்கிக் கூட்டுவது அதற்கு அவர் காட்டும் வழிகளில் ஒன்று. 1080உம் 540உம் சேர்ந்து 1620.

கழித்தல் குறி வரும்போதுதான் பிள்ளைகள் உண்மையில் தடுமாறுகிறார்கள். நீங்கள் கேட்கவில்லை என்றாலும் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் நூலின் பெயரிலிருந்துதான் ‘அல்ஜீப்ரா’ என்ற சொல்லே பிறந்தது. அந்த நூலில் அவர் ‘பத்தில் ஒன்று குறைவு’ என்பதை அதனாலேயே பெருக்கிக் காட்டுகிறார். குறியீடு எதுவும் கிடையாது, எல்லாம் சொற்கள்தான். பத்துப் பத்து நூறு, பத்தும் பத்தும் கழிந்தால் எண்பது, குறைவைக் குறைவால் பெருக்கினால் ஒன்று கூடும், ஆக 81.

அந்த ஒன்று ஏன் கூடுகிறது? (ப − 2)(ப − 3) என்பதைத் துணியில் பாருங்கள். பக்கத்துக்கு 10 அடி உள்ள சதுரத் துணியில் ஓர் ஓரம் 2 அடி, அடுத்த ஓரம் 3 அடி வெட்டுகிறோம். 100இலிருந்து 20ஐயும் 30ஐயும் கழிக்கிறோம். ஆனால் மூலையில் உள்ள 2 × 3 துண்டு இரண்டு பட்டைகளுக்கும் பொது. இருந்தது ஒரே ஒரு முறை, கழித்ததோ இரண்டு முறை. எனவே 6ஐத் திருப்பித் தர வேண்டும். 100 − 20 − 30 + 6 = 56. மீதமுள்ள துணியை நேரடியாக அளந்தாலும் 8 × 7 = 56தான். இயற்கணிதத்தில் எழுதினால் ப² − 5ப + 6.

விடையைச் சரிபார்க்க, ப என்ற இடத்தில் 2 போட்டுப் பார்க்கப் பழக்குங்கள். (2ப + 3)(ப + 4) அப்போது 7 × 6 = 42; விடையிலும் 8 + 22 + 12 = 42. பூச்சியம் வேண்டாம், அதைப் போட்டால் அவளுடைய தவறான விடையும் 25 என்று வந்து சரிபோலவே நிற்கும். 1 போடுவதும் அவ்வளவு நல்லதல்ல. ப² என்பதை ப என்று எழுதிவிட்டாலும் அது காட்டிக்கொடுக்காது.

வேறு டியூஷன் தேட வேண்டாம். இந்த வாரம் ஒரே ஒரு கணக்கை மட்டும் கொடுங்கள்: (ப + 5)(ப − 5). மூட்டை வரியோடு செய்யட்டும். இங்கே நடு உறுப்பு உண்மையிலேயே மறைந்துவிடும். தேர்வில் அது மறைந்தது தவறு, இங்கே மறைவது மட்டும் எப்படிச் சரி என்று அவளிடம் கேளுங்கள். அவள் சொல்வதை அப்படியே எனக்கு எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்.