பிறர் எழுதிய நிரலைப் பயன்படுத்துவது குறையா? கவலைப்படும் பெற்றோருக்கு ஒரு பதில்

இணையதள நிரலாக்கம் படிக்கும் உங்கள் மகள் பெரும்பாலும் பிறர் எழுதிய ஃபங்ஷன்களையே (ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யும் சிறு நிரல் துண்டுகள்) எடுத்துப் பயன்படுத்துகிறார் என்றும், சொந்தமாக எழுதத் தெரியாதவருக்கு யார் வேலை தருவார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். பிறர் எழுதியதைப் பயன்படுத்துவது இத்துறையில் குறையே அன்று. பேர்ல் என்ற நிரல்மொழியில் எழுதுவோர் தம் நிரல்களைப் பகிர்ந்துகொள்ளும் சீபேன் (CPAN) களஞ்சியம் 1995-இல் தொடங்கிய காலத்திலிருந்தே இது தொழிலின் இயல்பான வழக்கம். எடுத்ததைப் படித்துப் புரிந்துகொள்ளாமல் ஒட்டிவிடுவதுதான் குறை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு படிவத்தில் தரப்படும் நாள், மாதம், ஆண்டு ஆகியவற்றைத் தேதியாக மாற்றும் ஃபங்ஷன் அவருக்குத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். இணையதளங்களில் பயன்படும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் மாதங்களின் எண் 0-இல் தொடங்குவதால், மார்ச் என்று நினைத்து 3 என்று கொடுத்தால் ஏப்ரல் கிடைக்கும். பிப்ரவரி 30 என்று கொடுத்தாலோ, எந்தப் பிழையும் காட்டாமல் அதை மார்ச் மாதத் தேதியாக மாற்றிக்கொள்ளும். இவ்விரண்டையும் சரிபார்க்கும் ஃபங்ஷனை ஒருமுறை கவனமாக எழுதி, சோதனைகளோடு தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால், அடுத்தடுத்த திட்டங்களில் அப்படியே எடுத்தாளலாம். படிக்கும் காலத்திலேயே இப்படிச் சில ஃபங்ஷன்களைச் சேர்த்து வைத்திருப்பவர், நேர்முகத் தேர்வில் தம் திறமையைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

எதைத் தாமே எழுதுவது, எதைப் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுப்பது என்ற தெளிவும் வேண்டும். 2016 மார்ச்சில், எழுத்துத்தொடரின் இடப்பக்கத்தை நிரப்பும் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை அதன் ஆசிரியர் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களுக்கான என்பிஎம் (npm) என்ற பொதுக் களஞ்சியத்திலிருந்து விலக்கிக்கொண்டதும், அதைச் சார்ந்திருந்த பேபல் என்ற நிரலாளர் கருவி உள்ளிட்ட பல திட்டங்களை நிறுவ முடியாமல் போயிற்று. இத்தனை சிறிய வேலையைத் தாமே எழுதிக்கொள்வதே நல்லது. ஆனால் கடவுச்சொற்களைப் பாதுகாப்பது போன்றவற்றில் சொந்த முயற்சி ஆபத்தானது; பலர் ஆராய்ந்து பிழை நீக்கிய நிரல் நூலகத்தையே (ஆயத்த நிரல்களின் தொகுப்பு) அங்கு நம்ப வேண்டும்.

ஒரு நிரலைப் பிறர் எப்படிப் பயன்படுத்தலாம் என்று சொல்லும் உரிமத்தைப் பற்றி மாணவர்கள் அதிகம் யோசிப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. எம்ஐடி உரிமத்தில் வெளியான நிரலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் மட்டும் நீக்கக் கூடாது. நிரலாளர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவின் பதில்களை எடுத்தாளும்போது எழுதியவரைக் குறிப்பிட வேண்டும். உரிமமே குறிப்பிடாத நிரல் இணையத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தாலும், அதன் உரிமை எழுதியவருக்கே உரியது. வேலைக்குச் சேர்ந்தபின் இதை மீறினால் சிக்கல் நிறுவனத்தையும் சேரும்.

அடுத்த கட்டமாக, தாம் எழுதியவற்றுள் நன்கு சோதித்த சில ஃபங்ஷன்களை, பயன்படுத்தும் முறை பற்றிய குறிப்புடனும் உரிமத்துடனும், நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் வெளியிடச் சொல்லுங்கள். உங்களுக்கு நிரல் தெரியாவிட்டாலும் அவரிடம் ஒன்று கேட்கலாம்: “இந்த ஃபங்ஷனுக்கு ஒன்றுமே கொடுக்காமல் வெறுமையாக விட்டால் என்ன ஆகும்?” தயங்காமல் பதில் சொன்னால், அந்த ஃபங்ஷனை யார் எழுதியிருந்தாலும் நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை, தெரியவில்லை என்றால், அன்றே அதை இயக்கிப் பார்த்துவிட்டு வந்து சொல்லச் சொல்லுங்கள்.