நோட்டரி சீல் இருந்தால் அப்பாவின் கணக்கை நான் பார்த்துக்கொள்ளலாமா?

கேள்வி: ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா, 78 வயது, காட்பாடியில் சொந்த வீட்டில் அம்மாவோடு இருக்கிறார். பக்கவாதத்தால் வலது கை வரவில்லை. பேச்சும் நினைவும் தெளிவு. அக்கா ஆரணியில், நான் ஓசூரில். பென்ஷன், டெபாசிட்டை நான் கவனிக்க வேண்டும். "பவர் (அதிகாரப் பத்திரம்) எழுதி நோட்டரி சீல் வாங்கிவிட்டால் வீடு உட்பட எல்லாம் உன் கையில்" என்கிறார் தெரிந்தவர். சரியா, ஐயா?

பதில்: பாதி சரி. பென்ஷன் கணக்கைத் தவிர மற்ற வங்கி வேலைக்கு நோட்டரி முன் எழுதிய பவர் பொதுவாகப் போதும். வீட்டை விற்றுப் பத்திரம் பதிய வேண்டுமென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த பவர் வேண்டும். உடம்பு முடியாதவருக்கு வீட்டுக்கே வந்து பதியவும் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் வீட்டை விற்கும் எண்ணம் இல்லையே, அதை ஏன் இழுக்கிறீர்கள்? விட்டுவிடுங்கள்.

வக்கீலிடம் போகும் முன் வங்கிக் கிளைக்குப் போங்கள். சில வங்கிகள் தங்கள் வாசகத்தில்தான் பவர் கேட்கும். கணக்கு எண், டெபாசிட் எண், நீங்கள் என்னென்ன செய்யலாம் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். கடன் வாங்குவது, நாமினியை மாற்றுவது வேண்டாம்.

கையெழுத்து நாளில் அப்பா நோட்டரி முன் நேரில் இருக்க வேண்டும். ஆள் வராமலே சீல் போட்டுத் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். பின்னால் யாராவது கேள்வி கேட்டால் அந்தத் தாள் நிற்காது. வலது கை வராததால் இடது பெருவிரல் ரேகை வைக்கலாம். பத்திரத்தைத் தமிழில் படித்துக் காட்டி அவர் புரிந்துகொண்டார் என்ற வரி அதில் இருக்கட்டும். குடும்பத்துக்கு வெளியே இரண்டு சாட்சிகள், அசல் ஆதார், நோட்டரி பதிவேட்டில் அப்பாவின் ரேகை, அந்த வரிசை எண் உங்கள் தாளிலும். அதே வாரத்தில் மருத்துவரிடம் 'சுயநினைவோடு இருக்கிறார்' என்று சான்று வாங்கி வைப்பது நல்லது. கட்டாயமில்லை, ஆனால் நான் வாங்காமல் விடமாட்டேன்.

இனிதான் பலருக்குத் தெரியாத விஷயம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 201-ஆம் பிரிவின்படி, எழுதிக் கொடுத்தவர் இறந்தாலோ சித்தம் கலங்கினாலோ பவர் முடிந்துவிடும். அப்பா யாரையும் அடையாளம் தெரியாத நிலைக்குப் போனால், அதாவது உங்களுக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில், அது வெறும் தாள். நீதிமன்றம் போய்க் காப்பாளர் உத்தரவு வாங்க வேண்டி வரும்.

அதனால் பவரைவிட முதலில் டெபாசிட்டுகளில் அம்மாவையோ உங்களையோ 'ஐதர் ஆர் சர்வைவர்' (இருவரில் யாரும் இயக்கலாம், ஒருவர் இறந்தால் மற்றவர் எடுக்கலாம்) முறையில் சேருங்கள், நாமினி இருக்கிறதா என்றும் பாருங்கள். பென்ஷன் கணக்கில் உங்களைச் சேர்க்க முடியாது, பவர் வைத்து அதை இயக்கவும் முடியாது. குடும்ப ஓய்வூதியம் பெறவிருக்கும் அம்மாவைச் சேர்க்கலாம். நவம்பரில் தரும் உயிர்வாழ் சான்றுக்குப் பவர் வேண்டாம், கேட்டுக்கொண்டால் தபால்காரரே வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்வார்.

அக்காவுக்கு ஒரு நகல் அனுப்பிவிட்டு, அப்புறம் ரேகை வைக்க வையுங்கள். எடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீதை ஒரு ஃபைலில் போட்டு வாருங்கள். அப்பா கேட்டால் காட்ட வேண்டியிருக்கும்.