இல்லத்தில் இருக்கும் பிள்ளைகளுக்காகப் பெற்றோர் சங்கம் அமைக்கலாமா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்த காலத்தில் கணவர் குடித்துவிட்டுப் பிள்ளைகளை லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அறையில் தனியே விட்டிருக்கிறார். யாரோ சிறுவர் உதவித் தொலைபேசி எண்ணான 1929க்குச் சொல்லி, ஒன்பதும் ஆறும் வயதான மகள்மாரை அதிகாரிகள் கூட்டிப்போய்க் கண்டிப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் சேர்த்துவிட்டார்கள். நான் வேலையை விட்டுத் திரும்பி வந்து மாதங்களாகின்றன. வழக்கு நடப்பது சிங்களத்தில். பிள்ளைகளின் அம்மாயி, என் அம்மா, அடுத்த டிவிஷனில் இருக்கிறார். எங்களைப் போல ஐந்தாறு குடும்பங்கள் இங்கே உண்டு. ஓர் ஆசிரியரும் சட்ட உதவி வேலை தெரிந்த ஒருவரும் "சங்கமாகச் சேருங்கள்" என்கிறார்கள். தோட்டத் தலைவரோ "வழக்கு கெட்டுப்போகும்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: சங்கம் அமைக்கலாம். ஒன்றுசேரும் உரிமையை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை உங்களுக்குத் தருகிறது. வழக்கு நடக்கிறது என்பது அதற்குத் தடையல்ல. தலைவரின் பயத்திலும் பாதி நியாயம் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வழக்கைப் புரிந்துகொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகள் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தின் கீழ் "கவனிப்போ பாதுகாப்போ தேவைப்படும்" பிள்ளைகளாக நீதவான் முன் கொண்டுவரப்பட்டிருப்பார்கள். தனியாகச் சிறுவர் நீதிமன்றம் இல்லாத இடங்களில் நீதவான் நீதிமன்றமே அந்த வேலையைப் பார்க்கிறது. பெற்றோர் சரியாகக் கவனிக்கவில்லை என்பது மட்டும் அந்தச் சட்டத்துக்குப் போதாது. அதோடு பிள்ளை கெட்ட சகவாசத்தில் விழுகிறது, ஒழுக்க ரீதியான ஆபத்தில் இருக்கிறது, அல்லது கட்டுக்கடங்காமல் போய்விட்டது என்றும் காட்ட வேண்டும். லயத்து அறை சிறியது, சம்பளம் போதாது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் இல்லை. வறுமையை மட்டும் காரணமாகக் காட்டிப் பிள்ளையைப் பிரிக்கக்கூடாது என்று 2009இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்ற வழிகாட்டல்களும் சொல்கின்றன. ஆனால் குடித்த தகப்பன், இரண்டு பெண்பிள்ளைகள், இரவு, தனிமை என்று எழுதியிருந்தால் எந்த நீதவானும் கவலைப்படுவார். அந்தக் கவலைக்குப் பதில் சொல்லாமல் "என் பிள்ளை எனக்கு வேண்டும்" என்று அழுது பயனில்லை. கூண்டுக்கருகில் நின்று அழுத தாய்மார் பலரைப் பார்த்திருக்கிறேன். ஒரு கடிதத் துண்டுகூட அவர்கள் கையில் இருக்காது.

நீதவான் கையில் இருப்பது பெரும்பாலும் நன்னடத்தை உத்தியோகத்தரின் அறிக்கைதான். உங்கள் சங்கம் வேலை செய்ய வேண்டிய இடம் அதுவே. அவர் வரும்போது வீடு எப்படி இருக்கிறது என்பதை அவருக்குக் காட்டத் தயாராக இருங்கள். அம்மாயி வீட்டில் பிள்ளைகள் படுக்கும் இடத்துக்கு ஒரு மறைப்பு, உள்ளிருந்து பூட்டும் கொண்டி, புத்தகம் வைக்க ஒரு மேசை. உங்களுக்குத் தோட்டத்தில் மீண்டும் பெயர் பதிந்திருப்பதாக அலுவலகக் கடிதம், பிள்ளைகளைச் சேர்க்க இடமிருப்பதாக அதிபரின் கடிதம், கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்று, பிறப்புச் சான்றிதழ்கள். இவற்றை ஒரு பைலில் அடுக்கி, பிரதி எடுத்து, நன்னடத்தை உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்தில் இருக்கும் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமும் கொடுங்கள். ஒரு தாய் தனியாகச் செய்தால் ஒரு நாள் பேர் (அன்றைய சம்பளம்) போய்விடும் என்று தள்ளிப்போடுவாள். ஆறு குடும்பம் முறை வைத்துச் செய்தால் முடிந்துவிடும்.

இல்லத்தில் விடுவது நீதிமன்றத்துக்கு இருக்கும் ஒரே வழியல்ல. பிள்ளையைத் "தகுதியான ஆள்" ஒருவரிடம் ஒப்படைக்கலாம், அவர் உறவினராகவும் இருக்கலாம். பெற்றோரிடம் நன்றாகப் பார்த்துக்கொள்வதாகப் பிணைமுறி வாங்கலாம். மூன்று ஆண்டுக்கு மேற்படாமல் நன்னடத்தை உத்தியோகத்தரின் மேற்பார்வையில் வைக்கலாம். என் யோசனை, அம்மாயியைத் தகுதியான ஆளாக ஏற்கும்படி முதலில் கேளுங்கள். கணவர் குடியை நிறுத்திச் சிகிச்சைக்குப் போகாதவரை அவர் இருக்கும் லயத்துக்கே பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேட்காதீர்கள்.

மொழி விஷயத்தில் வெட்கப்படாதீர்கள். நீதிமன்ற மொழி புரியாத தரப்பினருக்கு மொழிபெயர்ப்பாளரை அரசு தரவேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. வழக்கு கூப்பிட்டதும் எழுந்து "எனக்குத் தமிழில் வேண்டும்" என்று சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்து வைக்காதீர்கள். குறிப்பாக மகவேற்புக்கு (தத்துக் கொடுப்பதற்கு) சம்மதம் கேட்கும் தாள். அது மாவட்ட நீதிமன்றத்தில் தனியாக நடக்கும் வேறு விஷயம், பிள்ளை உங்களுக்குச் சட்டப்படி இல்லாமலே போய்விடும். இளையவள் தமிழை மறக்கிறாள் என்று தெரிந்தால் அதையும் சொல்லுங்கள். பிள்ளையின் மொழி, மதம், பண்பாட்டுத் தொடர்ச்சியைக் கவனிக்க வேண்டும் என்று இலங்கை 1991இல் ஏற்ற சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரை வலியுறுத்துகிறது.

இனித் தலைவரின் பயம். சங்கமாக நீதிமன்றத்துக்குள் நுழைய முடியாது, இந்த வழக்குகள் மூடிய அறையில் நடப்பவை. வெளியே நின்று கூச்சலிட்டால் கெட்டுப்போவது உங்கள் வழக்குதான். பிள்ளைகளின் பெயரோ படமோ பாடசாலையோ முகநூலில் வரவே கூடாது. வழக்கறிஞர் கட்டணம் என்று சங்கம் பணம் சேர்ப்பதும் வேண்டாம், பேருந்துச் செலவுக்குச் சேர்க்கலாம். உங்களுக்காக வழக்குப் பேச சட்டத்தரணியால்தான் முடியும். வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்தது. ஹட்டன், நுவரெலியா நீதிமன்றங்களில் கேட்டால் யாரைப் பார்ப்பது என்று சொல்வார்கள். சேர்க்கும் குடும்பங்களில் பிள்ளையை அடித்ததாகவோ தொட்டதாகவோ வழக்கு இருந்தால், அந்தப் பெற்றோருக்காக மற்றவர்கள் சாட்சி சொல்லிவிட வேண்டாம். எல்லாப் பிரிப்பும் அநியாயமல்ல.

ஒரு சின்ன வேலையும் சங்கத்துக்கு உண்டு. லயத்துக்குத் தனி முகவரி இல்லாததால் நீதிமன்றக் கடிதம் தோட்ட அலுவலகத்தில் கிடந்து தவணை (வழக்குக் கூப்பிடும் நாள்) தவறுவது நம் ஊரில் வழக்கம். வாரம் ஒருவர் போய் விசாரியுங்கள். நீதவான் மறுத்தால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம், அதற்குக் கட்டளையின் பிரதி வேண்டும், முதல் நாளே விண்ணப்பித்துவிடுங்கள்.

இல்லத்தில் பிள்ளைகளைப் பார்க்க நேரம் கேட்டு நன்னடத்தை உத்தியோகத்தருக்கு எழுத்தில், தமிழில், கடிதம் கொடுங்கள். அடுத்த தவணைக்கு அம்மாயியைக் கூட்டிக்கொண்டு போங்கள், அடையாள அட்டையோடு.