8 வாட் வெளிச்சம்

வணக்கம் ஐயா,

கிராமங்களுக்கு அரசே மின்கம்பி இழுக்க வேண்டும் என்ற உங்கள் கட்டுரையைப் படித்தேன். நிதித் தொழில்நுட்பத் துறையில் இருக்கும் என் நண்பர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "கென்யாவைப் பார். மின்சாரம் போகாத ஊருக்குக்கூட மொபைல் பணம் போய்விட்டது. கையில் பணம் புழங்கினால் வெளிச்சத்தை ஜனங்களே வாங்கிக்கொள்வார்கள். அரசை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம்" என்கிறார். மறுக்கத் தெரியவில்லை, ஏற்கவும் மனம் வரவில்லை. உங்கள் கருத்து என்ன?

அன்புடன்,
ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் நண்பர் சொல்வதில் பாதியை நான் முழுமனதாக ஏற்கிறேன். 2007-இல் எம்-பெசா என்ற மொபைல் பணச் சேவை கென்யாவில் வருவதற்கு முன், நைரோபியில் கூலி வேலை பார்க்கும் மகன் ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் பணம் அனுப்ப, பஸ் டிரைவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர வேண்டுமே என்று தவித்துக்கொண்டிருப்பான். அப்புறம் அது ஒரு குறுஞ்செய்தி வேலையாகிவிட்டது. இது வெறும் வசதி என்று நினைத்துவிடாதீர்கள். விளைச்சல் பொய்த்தாலோ வீட்டில் ஒருவர் படுத்துவிட்டாலோ, சொந்தக்காரர்கள் நாலு பேர் ஆளுக்குக் கொஞ்சம் அன்றைக்கே அனுப்ப முடிகிறது. சாப்பாட்டில் கை வைக்க வேண்டியதில்லை. தவ்னீத் சூரி, வில்லியம் ஜாக் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் பல ஆண்டுகள் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். கென்யாவில் சுமார் 1,94,000 குடும்பங்கள் எம்-பெசாவால் வறுமையிலிருந்து மீண்டன என்று 2016-இல் எழுதினார்கள். அது அந்நாட்டுக் குடும்பங்களில் 2 விழுக்காடு.

சரி, வெளிச்சத்துக்கு வருவோம். எம்-கோபா என்ற நிறுவனம் 2012-இல் கென்யாவில் தவணைக்கு சோலார் விற்கத் தொடங்கியது. கோபா என்றால் ஸ்வாஹிலியில் கடன் வாங்கு என்று பொருள். ஆரம்ப ஆண்டுகளில் அது விற்ற பெட்டியோடு வந்தவை இவை: கூரையில் 8 வாட் தகடு, இரண்டு மூன்று எல்.இ.டி. விளக்கு, ஒரு ரேடியோ, போன் சார்ஜ் போட வயர். முன்பணம் கட்டிவிட்டால் மிச்சத்தைத் தினமும் 50 கென்ய ஷில்லிங் வீதம் போனிலேயே அடைக்க முடிந்தது. விளக்கெரிக்க மண்ணெண்ணெய்க்குச் செலவான காசுதான் இப்படித் தவணையாகப் போனது. பெட்டிக்குள் ஒரு சிம் இருந்தது. தவணை நின்றால் அதன் வழியாகவே விளக்கை நிறுத்திவிடுவார்கள். மேலே நல்ல வெயில், பேட்டரியும் நிறைந்திருக்கிறது, ஆனால் வீடு இருட்டாக இருக்கும். அந்த இருட்டு எனக்கு உறுத்துகிறது. ஆனாலும் புகை இல்லாத வெளிச்சத்தில் ஒரு பிள்ளை எழுதிப் படிப்பதைக் குறைத்துப் பேச மாட்டேன்.

இந்தப் பெட்டி எவ்வளவு மின்சாரம் தருகிறது என்று மட்டும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 வாட் தகட்டில் தினம் 5 மணி நேரம் முழு வெயில் அடித்தாலும் 40 வாட்-மணிதான் வரும். ஆயிரம் வாட்-மணி சேர்ந்தால்தான் ஒரு யூனிட்; ஆண்டு முழுவதற்கும் 15 யூனிட்கூடத் தேறாது. அதுவும் ஒரு வீட்டுக்கே! ஆலன் பாஸ்டர்நாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2000-இல் 60 நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்தார். 0 முதல் 1 வரை மதிப்பெண் தரும் மனித வளர்ச்சிக் குறியீட்டில் 0.9-ஐத் தொட்ட நாடுகளில் ஒரு ஆளுக்கு ஆண்டுக்குச் சுமார் 4,000 யூனிட் செலவாகிறது என்பது அவர் கண்டது. அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் குறியீடு பெரிதாக ஏறவில்லை. மின்சாரம் கொடுத்தால் வளர்ச்சி தானாக வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. பணக்கார நாடு என்பதாலும் மின்சாரம் அதிகம் செலவாகும். ஆனால் 15-க்கும் 4,000-க்கும் நடுவே உள்ள தூரத்தை 50 ஷில்லிங் தவணையில் யாரும் நடந்து கடக்க முடியாது.

அந்தக் குறியீடு ஆயுள், படிப்பு, வருமானம் ஆகிய மூன்றையும் அளக்கிறது. இந்த மூன்றும் வீட்டுக்குள் மட்டுமா நடக்கின்றன? தடுப்பூசி மருந்தில் பெரும்பாலானவற்றை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். ராத்திரி பிரசவம் பார்க்கும் செவிலிக்கு வெளிச்சம் வேண்டும். மின்சாரமே இல்லாத, அல்லது வந்து வந்து போகிற சுகாதார நிலையங்களை நம்பி ஏறக்குறைய 100 கோடிப் பேர் இருக்கிறார்கள் என்று 2023-இல் உலக சுகாதார நிறுவனமும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து சொல்லின. அந்த ஃபிரிட்ஜுக்கு எந்த வீட்டுக்காரர் தவணை கட்டுவார்? மாவு மில்லும் வெல்டிங் பட்டறையும் தண்ணீர் பம்பும் 8 வாட்டில் ஓடாது. போனில் வந்து சேரும் பணத்தை ஊருக்குள்ளேயே சம்பாதிக்க வேண்டுமென்றால் இவையெல்லாம் ஓடியாக வேண்டும். இல்லையென்றால் மகன் நைரோபியிலேயேதான் இருக்க வேண்டும், அம்மா குறுஞ்செய்திக்குக் காத்திருக்க வேண்டும்.

அதனால், அரசு ஒதுங்கிக்கொள்ளலாம் என்ற இடத்தில் உங்கள் நண்பரோடு நான் உடன்படவில்லை. கம்பி இழுப்பதும் துணைமின் நிலையம் கட்டுவதும் பொதுப்பணத்தில் நடக்க வேண்டிய வேலை. நண்பரின் தொழில்நுட்பத்துக்கும் அதில் நல்ல இடம் இருக்கிறது. கென்யாவிலும் தான்சானியாவிலும் ஊருக்குள்ளேயே மின்சாரம் தயாரித்துத் தரும் சிறு கட்டமைப்புகளில் ப்ரீபெய்ட் மீட்டர் வைத்து, மொபைல் பணத்தில் வசூலிக்கிறார்கள். கட்டணம் வாங்க ஆள் அலைய வேண்டாம், கையில் இருக்கிற சில்லறைக்கு ஏற்ற யூனிட்டை வாங்கிக்கொள்ளலாம். அவர் இந்தப் பக்கம் வேலை செய்தால் நான் மிகவும் மகிழ்வேன். அவரிடம் சொல்லுங்கள்.

அன்புடன்.