சைக்கிளும் காரும் ஒரே றோட்டில போகலாமா?

போகலாம், ஆனா எந்த றோட்டு, என்ன ஸ்பீட் எண்டதப் பொறுத்துத்தான். திருகோணமலை டவுனுக்குள்ள மணிக்கூட்டுக் கோபுரத்தடி, மார்க்கெட் பக்கமெல்லாம் கார் ஊர்ந்துதான் போகுது, அங்க தனிப்பாதை தேவையில்ல.

நிலாவெளி றோட்டு வேற கதை. காத்தால மீன்பெட்டி கட்டிக்கொண்டு வாற ஆக்கள், டியூஷனுக்குப் போற பிள்ளையள் எல்லாரும் ஓரத்தாலதான் வருவாங்க, தார் விளிம்பில மணல் ஏறிக் கிடக்கும், முன்சில்லு அதில பட்டா ஹாண்டில் ஒரு வெட்டு வெட்டும் பாருங்க, அந்த நேரம் பின்னால வாற பஸ் ஒரு முழம் தள்ளித்தான் போகுதெண்டா என்ன ஆகும்? ஸ்பீட் 30 கிலோமீட்டர்ல இருந்து 60 ஆனா மோதுற சக்தி ரெண்டு மடங்கில்ல, நாலு மடங்கு. அதாலதான் நெதர்லாந்தில 30 கிலோமீட்டர் றோட்டுல ரெண்டையும் ஒண்டா விடுறாங்க, வேகமான றோட்டுல சைக்கிளுக்குப் பிரிச்சுப் பாதை போடுறாங்க. ஸ்பெயின்ல முந்தும்போது 1.5 மீட்டராவது இடைவெளி விடோணும், அது சட்டம்.

2022ல பெற்றோல் இல்லாம எத்தின பேர் திரும்ப சைக்கிள் மிதிச்சம், அப்பவே நிலாவெளிப் பக்கம் ஒரு பாதை போட்டிருக்கலாம் எண்டு எனக்கு இப்பவும் மனவருத்தம்.

இன்னொண்டு, கார்க்கதவு. எனக்கு ஒருக்கா கடை வாசல்ல பட்டது, முழங்கைத் தழும்பு இன்னும் இருக்கு. டிரைவர்மார் தயவுசெஞ்சு இடக்கையால கதவைத் திறங்க, உடம்பு தானாத் திரும்பும், பின்னால வாற சைக்கிள் கண்ணில படும்.