வாசகர் கேள்வி – பதில்: புதிதாக வாங்கிய இரண்டு சிறு றிவோல்வர்கள்

சென்ற இதழில், அரிசோனாவில் வாழ்ந்த காலத்தில் நான் முறைப்படி வாங்கிய, .22 அங்குலக் குழல்துளை அளவு கொண்ட றிவோல்வர்கள் இரண்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். ஒவ்வொரு வெடிக்கும் முன்னர் கட்டைவிரலால் குதிரையை, அதாவது பின்புறத்துச் சுத்தியலை, பின்னே இழுத்துவிட வேண்டிய பழைய அமைப்பு அவற்றினுடையது. கையில் எடுத்த முதல் சில வாரங்களில் மனத்திற் பட்டவற்றை மட்டுமே அதில் சொல்லியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களுள் ஏழுக்கு இங்கே பதில் தருகிறேன்.

‘சிங்கிள் அக்சன்’ என்று எழுதியிருந்தீர்கள். அதன் பொருள் என்ன? பெட்டியைத் திறந்ததும் எதை முதலிற் கவனித்தீர்கள்?
– வாசகர், சுன்னாகம்

விசையை இழுத்தால் ஒரேயொரு வேலைதான் நடக்கும் என்பதே அப்பெயரின் பொருள். பின்னே இழுத்து நிறுத்தியிருக்கும் குதிரையை விடுவிப்பது மட்டுமே விசையின் வேலை; குதிரையை இழுப்பதும், அந்த இழுப்பிலேயே, ரவை இடும் ஆறு அறைகள் கொண்ட உருளை ஆறிலொரு பங்கு சுழன்று அடுத்த ரவையைக் குழலுக்கு நேரே கொண்டுவந்து நிறுத்துவதும் கட்டைவிரலைச் சேர்ந்தவை. ‘டபிள் அக்சன்’ வகையில் இவை எல்லாவற்றையும் விசையே செய்துவிடும். குதிரை என்ற சொல் நான் புனைந்ததன்று. இடியன் துவக்கு வைத்திருந்த எங்கள் பெரியவர்கள் அந்த உறுப்பை அப்படித்தான் அழைத்தார்கள். தமிழ் அகராதியிலும் அச்சொல்லுக்கு அப்பொருள் உண்டு.

பெட்டியைத் திறந்ததும் முதலில் எண்ணெய் மணம் வந்தது. அடுத்ததாக உணர்ந்தது பாரம். ஏறத்தாழ 850 கிராம் இருந்தது. ஒரு கிலோ சீனிப் பைக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு சிறிய ரவைக்கு இவ்வளவு பாரமா என்று தோன்றியது உண்மைதான், ஆனால் சுட்டுப் பழகியபோது அந்தப் பாரமே கையை அசையாமல் வைத்திருக்க உதவியது. கைப்பிடி கலப்பையின் மேழி போல வளைந்திருப்பதால், வெடித்த கணத்தில் துவக்கு உள்ளங்கைக்குள் சற்றே உருண்டு மேலெழுந்து, அடுத்த இழுப்புக்காகக் குதிரையைக் கட்டைவிரலுக்கு அருகே கொண்டுவந்து தரும். .22 ரவையின் உதைப்பு மிகச் சிறிது. ஆயினும் அந்த உருளல் தெளிவாகத் தெரியும்.

வலப்பக்கத்துச் சிறு கதவைத் திறந்து, உருளையை ஒவ்வோர் அறையாகச் சுழற்றி, ஆறு அறைகளும் வெறுமை என்பதைக் கண்ணாலும் சுண்டுவிரல் நகத்தாலும் உறுதிசெய்துகொண்டேன். கடையில் விற்பனையாளர் எனக்கு முன்னாலேயே அதைச் செய்து காட்டியிருந்தார். அப்படியிருந்தும் வீட்டில் மீண்டும் செய்தேன். இரண்டில் ஒன்றில் குதிரையைப் பாதி இழுத்து நிறுத்தினால்தான் உருளை சுழலும். மற்றதில் கதவைத் திறந்தாலே போதும். பின்னதன் வசதியை முதல் நாளிலேயே விரும்பினேன். பாதி இழுப்பில் நின்ற குதிரையை மீண்டும் மெதுவாக இறக்கும்போது கட்டைவிரல் வழுக்கக்கூடும் என்ற எண்ணம், பழகிய பின்னரும் என்னை விட்டு அகலவில்லை.

புதிதாக வாங்கிய பொருளில் குறைகள் இருந்தனவா? நான் முப்பது ஆண்டுகள் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவன் என்பதால் கேட்கிறேன்.
– வாசகர், பருத்தித்துறை

ஐயா, நானும் கடைசற் பட்டறையில் கை கறுத்தவன். ஆகையால் உங்களுக்கு விரிவாகவே எழுதுகிறேன். இரண்டும் விலை குறைந்தவை, விலைக்குரிய குறைகளும் இருந்தன.

முதலாவதில், வெடித்த ரவையின் வெற்றுக் கோதை வெளியே தள்ளும், குழலின் கீழ் உள்ள தள்ளுகோலின் கூட்டை இறுக்கும் ஒற்றைத் திருகாணி, ஐம்பது ரவைகள் சுடுவதற்குள் தளர்ந்துவிட்டது. ஒவ்வொரு வெடியும் ஒரு சிறு சம்மட்டி அடியாதலால், நேரே முன்னும் பின்னும் அதிரும் பாகத்தில் இருக்கும் திருகாணி தளர்வதில் வியப்பில்லை. எண்ணெய்ப் பசையைத் துடைத்து, நீல நிறத் திருகாணிப் பசை ஒரு துளி இட்டு இறுக்கினேன். பின்னர் அது அசையவில்லை. இரண்டாவதில், ஓர் அறையில் மட்டும் வெற்றுக் கோது ஒட்டிக்கொண்டு வெளியேற மறுத்தது. உருளையைக் கழற்றிச் சாளர வெளிச்சத்திற் பிடித்துப் பார்த்தபோது, அந்த அறையின் வாயில், துளையிட்ட கருவி விட்டுச் சென்ற மயிரிழைப் பிசிறு ஒன்று தெரிந்தது. அரத்தை எடுக்க எனக்குக் கை துடித்தது, ஆனால் எடுக்கவில்லை. அறையின் வாயில் கூடுதலாகத் தேய்ந்துவிட்டால் கோதின் விளிம்புக்கு ஆதாரம் குறையும். உற்பத்தியாளருக்கே திருப்பி அனுப்பினேன். மூன்று வாரங்களில் வேறோர் உருளையுடன் வந்து சேர்ந்தது.

குறி பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வகை மலிவான றிவோல்வர்களில் பின்குறி என்பது மேற்சட்டத்தில் வெட்டிய ஒரு நீளப் பள்ளம்தான். அதை நகர்த்த முடியாது. பத்து மீற்றரில் என் சன்னங்கள் நான் குறிவைத்த புள்ளிக்கு மூன்று விரல் இடப்புறமாக, ஆனால் ஒன்றுக்கொன்று நெருக்கமாக விழுந்தன. குழல் வளைந்திருக்கிறது என்று உடனே முடிவுகட்டியது என் தவறு. பழகிய நண்பர் ஒருவர் அதே துவக்கால் சுட்டபோது சன்னங்கள் நடுவிலே விழுந்தன. நான் விசையை விரல் நுனியால் ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். விசைகளை வில்தராசு கொண்டு அளந்தேன்: ஒன்று இரண்டு கிலோவில் விடுபட்டது, மற்றது மூன்றை நெருங்கியது. எந்தப் புதுத் துவக்கையும் முதல் நூறு ரவைகளுக்குள் குறைசொல்லக்கூடாது என்பது அன்று நான் கற்றது.

திரைப்படங்களில் ஆறு குண்டு என்கிறார்கள். ஐந்துதான் இடுவார்கள் என்று என் பெரியப்பா சொல்வார். எது சரி?
– வாசகர், மானிப்பாய்

உங்கள் பெரியப்பா சொன்னது பழைய துவக்குகளுக்கு முற்றிலும் சரி. 1873இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட கொல்ற் நிறுவனத்து றிவோல்வரே இந்த அமைப்பின் தாய் எனலாம். அதில் ரவையை அடித்து வெடிக்கவைக்கும் ஊசி குதிரையின் முகத்திலேயே பொருத்தப்பட்டிருந்தது. ஆறு அறைகளிலும் ரவை இட்டுக் குதிரையை இறக்கி வைத்தால், ஊசிமுனை ரவையின் வெடிமருந்துப் பொட்டின் மேலேயே தங்கும். துவக்கு தவறி விழுந்து குதிரை நிலத்தில் அடிபட்டால் வெடித்துவிடும். குதிரையைச் சிறிது விலக்கி நிறுத்தும் ஒரு வெட்டு அதில் இருந்தது உண்மை. ஆனால் ஓங்கிய அடியில் அந்த மெல்லிய வெட்டு முறிந்துவிடும். ஆகவே ஓர் அறையை விட்டு, ஐந்தில் ரவை இட்டு, வெறும் அறையின் மேல் குதிரையை இறக்கி வைப்பது வழக்கமாயிற்று.

1949இல் தொடங்கப்பட்ட ஸ்ரேர்ம் றூகர் நிறுவனம் 1953இல் ‘சிங்கிள் சிக்ஸ்’ என்ற .22 றிவோல்வரை வெளியிட்டது. அதன் முதற் பதிப்புகளுக்கும் இதே ஐந்து ரவை விதி பொருந்தும். 1973இல் அந்நிறுவனம் அமைப்பையே மாற்றியது. துவக்கின் உடற்சட்டத்துக்குள் முன்னரே தனியே இருந்த ஊசி அப்படியே விடப்பட்டது. குதிரையின் முகம் ஊசியை எட்டாதவாறு வெட்டப்பட்டது. இரண்டுக்கும் நடுவே, விசையுடன் இணைந்த எஃகுத் தகடு ஒன்று வைக்கப்பட்டது. விசையை முழுமையாக இழுத்துப் பிடித்தால் மட்டுமே அத்தகடு மேலெழுந்து இடைவெளியை நிரப்பும். குதிரை தகட்டை அடிக்கும், தகடு ஊசியை அடிக்கும். விசையை விட்டால் தகடு இறங்கிவிடும், குதிரை சட்டத்தின் மேல் மட்டுமே தங்கும். 2019இல் அதே நிறுவனம் அலுமினியக் கலவைச் சட்டத்துடன் வெளியிட்ட மலிவான ‘றாங்லர்’ வகையிலும் இந்தத் தகடு உண்டு. வெறும் துவக்கின் விசையைப் பின்னே பிடித்தபடி, குதிரையைக் கட்டைவிரலால் தாங்கி மெதுவாக நகர்த்தினால், அந்தச் சிறு தகடு மேலே ஏறி வந்து நிற்பதைப் பார்க்கலாம். என் முதல் மாலை முழுவதும் அதைப் பார்ப்பதிலேயே கழிந்தது. ஒரு தகடு எத்தனை பேரின் தொடையையும் பாதத்தையும் காத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

1973க்கு முற்பட்ட றூகர் றிவோல்வர் உங்கள் உறவினர் யாரிடமாவது அமெரிக்காவில் இருந்தால், அந்நிறுவனம் அதற்குப் பாதுகாப்புப் பாகத்தை இலவசமாகப் பொருத்தித் தருகிறது என்பதைத் தெரிவியுங்கள். அதுவரையில் அவர் ஐந்து ரவையே இட வேண்டும்.

.22 என்பது விளையாட்டுத் துவக்குத்தானே?
– வாசகர், கோப்பாய்

இல்லை, தம்பி. இந்த எண்ணத்தால் மனிதர்கள் இறந்திருக்கிறார்கள். 1887இல் ஸ்ரீவன்ஸ் நிறுவனம் அறிமுகப்படுத்திய ‘.22 லோங் றைஃபிள்’ ரவையின் வழக்கமான சன்னம் 2.6 கிராம் நிறையே கொண்டது. ஆனாலும் மேல்நோக்கிச் சுட்டால் ஒன்றரைக் கிலோமீற்றருக்கு அப்பாலும் போய் விழும். ஈயச் சன்னமாதலால் கடினமான பாறையிலும் நீர்ப்பரப்பிலும் பட்டுத் தெறித்துத் திசை மாறும்.

இதன் வெடிமருந்துப் பொட்டு ரவையின் நடுவில் இல்லை, அடியிலுள்ள விளிம்புக்குள் உள்ளது. ஊசி விளிம்பையே நசுக்குகிறது. ரவை இல்லாமல் குதிரையை விடுவித்தால் சிலவற்றில் ஊசி அறையின் ஓரத்தையே அடித்துப் பள்ளமாக்கிவிடும் என்பதற்கும், அடித்தும் வெடிக்காத ரவை மற்ற வகைகளைவிட இதில் சற்று அதிகம் என்பதற்கும் இதுவே காரணம். வெடிக்கவில்லையென்றால் குழலை இலக்கின் பக்கமே முப்பது வினாடி பிடித்திருந்து, பின்னரே கதவைத் திறக்க வேண்டும். சில றிவோல்வர்கள் 1959இல் வந்த நீண்ட ‘.22 மக்னம்’ ரவைக்கென இரண்டாவது உருளையுடன் விற்கப்படுகின்றன. சாதாரண ரவை மக்னம் உருளைக்குள் இலகுவாகப் புகுந்துவிடும். சுட்டால் கோது பிளக்கும். அந்த இரு உருளைகளையும் நான் ஒரே மேசையில் ஒருபோதும் வைக்கமாட்டேன்.

இங்கே இத்தனையும் கண்ட பிறகு, துவக்கைப் பற்றி எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?
– ஆசிரியை, வடமராட்சி

அம்மா, இந்தக் கேள்வியை எதிர்பார்த்தேன். உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடுகளின் சுவர்களில் சன்னம் பட்ட துளைகள் இன்னமும் பூசப்படாமல் இருக்கின்றன. நான் நாள்தோறும் அவற்றைக் கடந்துதான் சந்தைக்குப் போகிறேன். வெளிநாடு சென்று பதினைந்து ஆண்டுகள் வரை எந்தத் துவக்கையும் தொட நான் உடன்படவில்லை. பட்டறை நண்பர் ஒருவர் அழைத்துச் சென்ற நாளில், ஒரு தந்தை தன் பதினான்கு வயது மகளுக்கு இத்தகைய றிவோல்வரால் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தேன். ஒரே ஒரு ரவை. மற்ற ஐந்து அறைகள் வெறுமை. அவள் குதிரையை இழுத்தாள், இலக்கைப் பார்த்தாள், மனம் ஒப்பவில்லைப் போலும், தந்தையைத் திரும்பிப் பாராமலே குதிரையை இறக்கி வைத்துவிட்டாள். சுடாமல் விடுவதையும் அந்தக் கருவி கற்பிக்க முடியும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. எங்களுக்குத் தெரிந்த துவக்கு அப்படிப்பட்டதன்று. அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத்தான் வாங்கினேன், எழுதியதும் அதற்காகவே. இந்த மண்ணில் ஒன்றுகூட வர வேண்டும் என்று நான் விரும்பவில்லை.

மகன் அமெரிக்காவில் படிக்கிறான். அவன் ஒன்று வாங்கலாமா? நான் பார்க்கப் போகும்போது சுட்டுப் பார்க்கலாமா?
– வாசகர், நெல்லியடி

மாணவர் விசாவும் வருகை விசாவும் குடியேறாதோர் விசாக்கள். அவற்றில் உள்ளவர்கள் துவக்கையோ ரவையையோ கைவசம் வைத்திருப்பது அந்நாட்டின் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அங்கே பெற்ற செல்லுபடியான வேட்டை அனுமதிப்பத்திரம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. பயிற்சிக் கூடத்தில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இந்தத் தடைக்குள் அகப்படும். நிரந்தர வதிவிடம் பெற்றவர் வாங்கலாம். லண்டனில் உள்ளவர்களுக்கு 1997இலிருந்தே கைத்துவக்கு ஏறத்தாழ முழுமையாகத் தடை. கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல், சில விலக்குகளைத் தவிர, தனிநபர் புதிதாக வாங்க முடியாது. இலங்கையில் 1916ஆம் ஆண்டுத் துவக்குச் சட்டத்தின்கீழ், அனுமதிப்பத்திரம் இல்லாமல் எந்தத் துவக்கும் வைத்திருக்க முடியாது. தோட்டம் கொத்தும்போது பழைய ரவை தென்பட்டால் தொடாமல் அடையாளமிட்டுப் பொலிஸாருக்கு அறிவியுங்கள்.

சுத்தம் செய்வது கடினமா? இரண்டில் எது உங்களுக்குப் பிடித்தது?
– வாசகி, சாவகச்சேரி

கடினமில்லை. உருளை வெறுமை என்று பார்த்தபின், முன்னாலுள்ள அச்சுக் கம்பியை உருவினால் உருளை பக்கமாகக் கையில் வந்துவிடும். குழலைத் தூரிகையால் தேய்த்து, ஆறு அறைகளையும் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூச வேண்டும். கரி, ஈயம் இரண்டும் விரலில் ஒட்டுமாதலால், சவர்க்காரமிட்டுக் கை கழுவும் வரை எதையும் உண்ணக்கூடாது.

எனக்குப் பிடித்தது, உருளை மாற்றப்பட்டு வந்த அந்த இரண்டாவதுதான். ஊர் திரும்பியபோது இரண்டையும், அங்கே குடியுரிமை பெற்று வாழும் என் மகளிடம் சட்டப்படி ஒப்படைத்துவிட்டு வந்தேன். அவள் அவற்றை இரும்புப் பெட்டியிலும், ரவைகளை வேறோர் அறையில் வேறொரு பூட்டுக்குள்ளும் வைத்திருக்கிறாள்.