நிக்கல் பட்டால் சிலருக்கு மட்டும் தோல் அரிப்பது ஏன்? ஒவ்வாமையை அடக்கும் செல்கள் உண்மையிலேயே இருக்கின்றனவா?

இருக்கின்றன. எனக்கே நிக்கல் ஒவ்வாமை உண்டு என்பதால் இதைத் தேடித் தேடிப் படித்திருக்கிறேன். கடிகாரத்தின் பின்மூடி பட்ட இடம் எனக்கு மறுநாள்தான் தடித்துச் சிவக்கும். இப்படி ஒருநாள், இரண்டுநாள் தள்ளி வருவதுதான் தொடு ஒவ்வாமையின் அடையாளம்.

நிக்கல் தோலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. தோலில் காவல் காக்கும் டென்ட்ரிடிக் செல்கள் அதை நிணநீர்க் கணுவுக்கு எடுத்துப்போய், நோய் எதிர்ப்பு வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்களுக்குக் காட்டுகின்றன. அங்கே பழகிய டி செல்கள் பெருகிக் காத்திருக்கும். அடுத்த முறை நிக்கல் பட்டால் அந்த இடத்தில் கூடி அழற்சியைக் கிளப்பிவிடும்.

சரி, நிக்கலைத் தொடாதவர் யார்? ஒவ்வாமை வராத மற்றவர்களிடம் அதை அடையாளம் காணும் டி செல்களே இல்லை என்று தோன்றும். ஆனால் 2003இல் வெளியான ஓர் ஆய்வு வேறு கதை சொல்கிறது. ஒவ்வாமை இல்லாதவர்களின் ரத்தத்திலிருந்து எடுத்த டி செல்கள் நிக்கலுக்கு அவ்வளவாக அசையவில்லை. அவற்றில் சிடி25 என்ற புரதம் தாங்கியவற்றை மட்டும் நீக்கியதும், மிச்சமிருந்தவை நிக்கலைக் கண்டு வேகமாகப் பெருகின. நீக்கியவற்றைத் திரும்பச் சேர்த்தால் அடங்கின. ஒவ்வாமை உள்ளவர்களின் சிடி25 செல்களுக்கோ அந்த அடக்கும் திறன் மிகக் குறைவு. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இதுதான். தோல் சும்மா இருக்கிறது என்றால், உள்ளே யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள்!

இவைதான் ஒழுங்குபடுத்தும் டி செல்கள். இன்டர்லூகின்-10 போன்ற பொருள்களைச் சுரந்து மற்ற டி செல்களைத் தணிக்கும். அடினோசின் என்ற வேதிப்பொருளை உண்டாக்கி, வெள்ளணுக்கள் ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டித் தோலுக்குள் நுழைவதைக் குறைக்கும். அடக்கும் செல்கள் என்ற கருத்து 1970களில் பேசப்பட்டு, பிறகு மதிப்பிழந்தது. 1995இல் ஜப்பானிய ஆய்வாளர் ஷிமோன் சகாகுச்சி இந்தச் செல்களை அடையாளம் காட்டினார். 2025 மருத்துவ நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

இன்னொன்று. 1946இலேயே மெரில் சேஸ் என்ற ஆய்வாளர், கினிப் பன்றிகளுக்கு ஒவ்வாமைப் பொருளை முன்கூட்டியே ஊட்டிவிட்டால் பிறகு தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவது கடினம் என்று காட்டினார். அதை நம்பி, ஏற்கெனவே ஒவ்வாமை வந்தவர்கள் எதையும் சாப்பிட்டுப் பார்க்க வேண்டாம். உணவில் வரும் நிக்கலே சிலருக்குத் தடிப்பைத் திரும்பக் கிளப்பும். பேட்ச் டெஸ்ட் (சந்தேகப் பொருள்களைத் தோலில் ஒட்டிப் பார்க்கும் சோதனை) செய்து எது ஆகாது என்று தெரிந்துகொண்டு, அதைத் தொடாமலிருப்பதுதான் இப்போதைக்கு வழி.